ஒரு பூட்டு அதிகம்

உள்ளே இறங்கியவர்கள் எல்லோரும் வெளியே வந்தாயிற்று. ஆனால் சுவிட்சுப் பெட்டியில் இன்னும் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்தது அவள்தான். பள்ளி விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு அம்மா வேலை பார்க்கும் மாட்டுத்தீவன ஆலைக்கு வந்துவிடுவாள். அம்மா அங்கே பாதுகாப்பு அதிகாரி. எது யாரைக் கொல்லக்கூடும் என்று, அது கொல்வதற்கு முன்பே பார்த்து வைப்பதுதான் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அம்மாவுக்கு அந்தப் புத்தி போகாது. வாணலியின் கைப்பிடி அடுப்புக்கு வெளியே நீட்டியிருந்தால் உடனே உள்பக்கம் திருப்புவாள். படம் பார்க்கப் போனால் திரையைவிட அவசர வழியைத்தான் அதிகம் பார்ப்பாள். மகள் குளிக்க நேரமானால் கதவில் இரண்டு தட்டு. உள்ளிருந்து இரண்டு தட்டு திரும்பி வந்தால்தான் நகர்வாள். ஆலைப் பழக்கம் அது.

பூட்டும் ஆலைப் பழக்கம்தான். கலவைத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்குகிற ஒவ்வொருவரும் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். கடைசிப் பூட்டு கழலும்வரை உள்ளே இருக்கும் கத்திகள் சுழலாது. பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

"யாரோடதுப்பா இது? பேர் வில்லையே இல்ல?" என்றாள் அம்மா.

தவிடு அப்பிய முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "எங்களுது இல்லக்கா. எல்லாரும் கழட்டியாச்சு" என்றார் மேஸ்திரி.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், வெளிய லாரி நிக்குது. கட்டர வெச்சு அறுத்துத் தள்ளுங்க."

"உள்ள பாக்காம அறுக்க விடமாட்டேன் சார்."

"அதான் எல்லாரும் இங்க நிக்கிறாங்களே? பேயா வந்து பூட்டிட்டுப் போச்சு?"

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. தன் பெயர் எழுதிய பூட்டை அந்தப் பெயரில்லாப் பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டினாள், சாவியைச் சட்டைப் பையில் போட்டாள், டார்ச்சோடு வட்ட வாய்க்குள் காலை விட்டு இறங்கினாள்.

தொட்டியின் வாயிலிருந்து புளித்த தவிடும் வெல்லப்பாகும் சூடான இரும்பும் கலந்த வாடை மூச்சு விடுவதுபோல விட்டுவிட்டு வந்தது. டார்ச் வெளிச்சம் கத்திகளின் மேல் வழுக்கி, வளைந்த சுவரில் நீளமான நிழல்களை எழுப்பி, மெல்ல மெல்லச் சிறுத்து, கடைசியில் அடிப்பக்கம் எங்கோ ஒரு மஞ்சள் புள்ளியாக ஒடுங்கியது. மேஸ்திரி ஸ்பேனரால் தகட்டில் இரண்டு தட்டு தட்டினார். உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது.

அப்புறம், எதிர்ப்பக்கத்திலிருந்து, இன்னும் இரண்டு.

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா வெளியே வந்தபோது தவிட்டுத் தூள் படிந்து இமைகூட வெளுத்திருந்தது. நேரே சுவிட்சுப் பெட்டிக்குப் போனாள், பையிலிருந்து சாவியை எடுத்தாள், பூட்டைத் திறந்தாள்.

பெயரில்லாத பூட்டை.

பிறகு அதே சாவியைத் தன் பூட்டுக்குள் நுழைத்துத் திருகினாள். திரும்பவில்லை.

"என் சாவி எங்கயோ விழுந்துடுச்சு" என்றாள். குரல் அம்மாவுடையதுதான். "இத அறுத்துடுங்க."

பூட்டை அறுப்பதா? அம்மா சொல்கிறாளா?

அவள் ஓடிப்போய்த் தொட்டியின் தகட்டில் இரண்டு தட்டு தட்டினாள். காதை வைத்தாள்.

இரண்டு தட்டு வந்தது. பலவீனமாக. அடியிலிருந்து.

"உள்ள அம்மா இருக்கா! கேக்கலையா உங்களுக்கு?"

"அம்மா இதோ நிக்கிறாங்களே பாப்பா" என்றார் மேஸ்திரி. ஆனாலும் இடுப்புவரை இறங்கி டார்ச்சைச் சுழற்றிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. காலியா கெடக்கு. சூடு ஆறினா தகடு இப்படித்தான் சத்தம் போடும்."

அவர் ஏறி வருவதற்குள் மேனேஜர் கட்டரை அழுத்தினார். அம்மாவின் பூட்டு இரண்டாகி விழுந்தது. பெயர் வில்லை தவிட்டில் குப்புறக் கிடந்தது.

அவர் கை சுவிட்சுக்குப் போகும் முன் அவள் முந்திக்கொண்டாள். தன் சைக்கிள் பூட்டைச் சுவிட்சில் பூட்டு மாட்டும் துளைக்குள் விட்டு அழுத்தினாள். சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

"இது என் பூட்டு. இத யாரும் அறுக்கக் கூடாது."

"ஏய், விளையாட்டா இது?" மேனேஜர் கட்டரைத் தூக்கினார்.

மேஸ்திரி குறுக்கே கையை நீட்டினார். "சின்னப் பிள்ளை போட்டாலும் பூட்டு பூட்டுதான் சார். அந்தப் பிள்ளையே வந்து திறக்கட்டும்."

அம்மாவைப்போல இருந்த அது சிரித்தது. "விடுங்க சார். காலையில ஷிப்டுக்கு முன்னாடி அவளையே கூட்டிட்டு வரேன். அவளே திறப்பா."

வீட்டில் வாணலியின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் புகைந்தது. அது அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு கைப்பிடியைப் பார்க்கவே இல்லை. அவள் சாப்பிடாமல் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். போர்வைக்குள் சுருண்டு, வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணனை ஃபோனில் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கிசுகிசுத்தாள்.

"லூசு. அம்மாகிட்ட ஃபோனக் குடு" என்றான் அண்ணன்.

"அது அம்மா இல்லண்ணா. அம்மா அங்க உள்ள இருக்கா. இந்தச் சாவி என்கிட்ட இருக்கிற வரைக்கும்தான்..."

இவள் பொய்யாக அழமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். "சரி, அழாத. முதல் பஸ்ஸப் புடிச்சு வரேன். நான் வர்ற வரைக்கும் கதவத் திறக்காத. ரெண்டு பேருமா போய் மேஸ்திரியக் கூட்டிட்டு ஒவ்வொரு மூலையாப் பாப்போம்."

அவளுக்கு முதல்முறையாக மூச்சு வந்தது.

கதவில் இரண்டு தட்டு.

"யாரு, அம்மாவா?" என்றான் அண்ணன். "பதிலுக்குத் தட்டிடு. சந்தேகம் வராது."

அவள் தட்டவில்லை. தட்டினால் உள்ளே இருக்கிறேன் என்று ஆகிவிடும். சாவியின் பல் உள்ளங்கையில் பதிந்தது. கூடத்து விளக்கு கதவிடுக்கில் மெலிந்த கோடாக விழுந்திருந்தது. கோட்டின் நடுவே இரண்டு பாத நிழல். அசையாமல்.

மறுபடி இரண்டு தட்டு.

அவள் தட்டவில்லை.

டக். டக்.

கதவிலிருந்து இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால். இரும்புப் பீரோவுக்குள்ளிருந்து.

"ம், தட்டிட்டியா? நல்லது" என்றான் அண்ணன்.

அவள் மெல்லத் திரும்பினாள்.

"சரிம்மா" என்றது வெளியே அம்மாவின் குரல். கதவின் வெளிப்பக்கம் ஒரு கிளிக். பூட்டு மாட்டும் சத்தம். பாத நிழல் விலகியது.

பீரோவின் கைப்பிடி கீழே இறங்கியது.

இருட்டு. பிளவு. ஒரு கை.

பள்ளிச் சட்டையின் மடித்த கை. கட்டைவிரலில் மைக்கறை. அவள் விரலில் இருக்கும் அதே மைக்கறை. விரல்களுக்கிடையில் ஒரு சின்னச் சாவி.

"அண்ணா" என்றது பீரோ. அவள் குரலில். லேசாகச் சிரித்துக்கொண்டு. "சும்மா பயந்துட்டேன்ணா. ஒண்ணுமில்ல. நீ வர வேணாம்."

"உயிரே போச்சுடி எனக்கு" என்றான் அண்ணன். "படுத்துத் தூங்கு."

ஃபோன் அணைந்தது.

இன்னொரு கை வெளியே வந்தது. சைக்கிள் சாவியை மூடியிருந்த அவள் கையை நோக்கி, உள்ளங்கையை விரித்து நீட்டியது.