மூக்கையாவுக்கு ஒரு துள்ளல்

மூக்கையாவின் ஆயுளில் இன்னும் ஒன்பது நாள்தான் மிச்சம். கோவில்பட்டி மினி பஸ் நடத்துநர் செண்பகவல்லிக்கு அந்தக் கவலையில் சோறு இறங்கவில்லை.

மூக்கையா, கோவில்பட்டி வட்டாரமே ஆடுகிற 'ஏழாங்கடல்' என்கிற இணைய விளையாட்டில் ஒரு படகோட்டி. தானாகக் கற்றுத் தானாகப் பேசுகிற நாற்பது பாத்திரங்களில் ஒருவன். வாய் கிழியப் பேசுவான். படகு மட்டும் ஒருநாளும் கரை சேர்ந்ததில்லை. ஆண்டுப் போட்டியில் கடைசியாக வரும் பாத்திரத்தை அழித்துவிடுவார்கள். முதலில் வருபவருக்கோ அடுத்த போட்டிவரை விளையாட்டுக்குள் உறுதியாக இடம் உண்டு, கேட்ட வரமும் கிடைக்கும்.

விரலால் குத்துகிற ஓட்டெல்லாம் மலையேறிப் போயிற்று. இப்போது எல்லார் மணிக்கட்டிலும் 'நெஞ்சளவி'. குறித்த நாள் மாலை ஆறு மணிக்கு யாரை நினைத்து நெஞ்சு துள்ளுகிறதோ, அந்தப் பெயரை அதுவே அனுப்பிவிடும். அதனிடம் எவர் பாச்சாவும் பலிக்காது.

செண்பகவல்லி பஸ்ஸையே பிரசார மேடையாக்கினாள்.

"கேட்டீகளா, நேத்து மூக்கையா திமிங்கலத்தத் தீவுன்னு நெனச்சு, அது மேல கயித்தக் கட்டிப்புட்டான்!" என்று திமிங்கலமாகவே முழி உருட்டிக் காட்டுவாள். கதை உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்து விசில் ஊதுவாள். "ஊரணி விலக்கு, எறங்கு!" யார் இறங்குவார்கள்? கதை முடியட்டும் என்று அடுத்த நிறுத்தம்வரை போய், சிரித்துக்கொண்டே நடந்து திரும்பினார்கள்.

ஒன்பதாம் நாள் ஆறு மணிக்கு ஊரே பஸ் நிலையத் திரையின் முன் கூடிவிட்டது. பட்டியல் வந்தது. கடைசி இடம், மூக்கையா. முதலிடம், செண்பகவல்லி!

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "நான் யாருக்கு ஓட்டுக் கேட்டேன், நீங்க யாருக்குப் போட்டிருக்கீக?"

தினமும் முன்சீட்டில் வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஐசக் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்கிடாத தாயி. மூக்கையாவத்தான் நெனைக்கப் பாத்தோம். முழிய உருட்டிக்கிட்டு நீதான் வந்து நிக்கே. நாங்க என்ன செய்ய?"

விளையாட்டு நிறுவனத்தாருக்குத் திண்டாட்டம். விதி விதிதானே! அவள் முகத்தையும் குரலையும் பேச்சையும் வாங்கி, ஓர் உள்செண்பகவல்லியைச் செய்ய வந்தார்கள். வரம் என்ன வேண்டும் என்றார்கள்.

"மூக்கையா இருக்கணும். அம்புட்டுத்தான்."

அன்று பஸ் நிலையத்தில் போட்ட குத்தாட்டத்தில் ஐசக்கின் செருப்பு அறுந்தது. அவருக்கு அது தெரியக்கூட இல்லை.

உள்செண்பகவல்லி மூக்கையாவின் படகிலேயே நடத்துநரானாள். அவள் விசிலுக்குப் படகு ஒழுங்காகக் கரை சேர்ந்தது. ஆனால் நிஜ செண்பகவல்லியைத் தினமும் பார்க்கிற ஊருக்கு நகல் எதற்கு? மறு ஆண்டுப் போட்டிக்கு முந்தைய கணிப்பில் அந்த நகலின் பெயர்தான் கடைசியில் தொங்கியது.

போட்டி நாளன்று, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், பஸ்ஸின் ஒலிபெருக்கியில் ஒரு குரல் கரகரத்தது.

"ஐயாமாரே, அம்மாமாரே, மூக்கையா பேசுதேன்! எங்க கண்டக்டரம்மாவக் காப்பாத்துங்க. நேத்து அவுக ஒரு சுறாகிட்டயே டிக்கெட் எங்கேன்னு கேட்டாக பாருங்க..."

பஸ் குலுங்கிச் சிரித்தது. செண்பகவல்லி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மணி ஆறு. பஸ்ஸில் முதலில் ஒளிர்ந்தது அவள் மணிக்கட்டுதான். அதில் தெரிந்த பெயர் மூக்கையா.