இரண்டாவது சொட்டு

தட்டில் தீனியைக் கொட்டியும் ஒரு கோழிகூட ஓடி வரவில்லை.

நான்சி கொட்டகை வாசலிலேயே நின்றாள். கல்வராயன் மலையடிவாரத்தில் அவளும் கணவன் ஆல்பினும் நடத்தும் நாட்டுக்கோழிப் பண்ணை அது. மூன்று வாரம் மணலூர்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தாள். சாயங்கால வெயில் தகரத்தின் ஓட்டைகளில் நூல்நூலாக இறங்க, உமியின் புழுங்கிய வாடையோடு, துருப்பிடித்த இரும்பை நாக்கில் வைத்தாற்போன்ற வேறொரு வாடையும் கலந்து வந்தது. கோழிகள் எல்லாம் கழுத்தை மேலே நீட்டி, அலகைப் பிளந்து, கண்ணை மூடி நின்றன. ஒவ்வொன்றின் தொண்டையிலும் ஈரமான ஒரு விசில். சுவரில், முழங்கால் உயரத்துக்கு, சிவப்புப் பொட்டுகள்.

"வெய்யிலு ஜாஸ்தி. அதான்," என்றான் ஆல்பின். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெய்யிலுக்கா ரத்தம் கக்கும்?"

அவன் மூலையில் செத்துக் கிடந்தவற்றைச் சாக்கில் அள்ளினான். சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டு வருகிறேன் என்று கொட்டகைக்குப் பின்னால் போனான்.

நான்சி கள்ளக்குறிச்சி கால்நடை மருத்துவர் தேவிப்ரியாவுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட டாக்டர் முதலில் ஒன்றைத்தான் கேட்டார்.

"இந்த நோவு வராம இருக்க கண்ணுல வுடுவீங்களே, அந்தச் சொட்டு மருந்து எத்தினி கம்பெனிதும்மா போட்டீங்க?"

"ஒண்ணுதாங்க டாக்டர்."

"நல்லா விசாரிச்சுப் பாருங்க. அதுல இருக்கிறது உசுருள்ள கிருமி, பலத்தைக் கம்மி பண்ணி வச்சிருப்பாங்க. ரெண்டு கம்பெனிது ஒரே கோழிக்குள்ள போனா, இதுல கொஞ்சம் அதுல கொஞ்சம் சேந்துக்கினு மூணாவதா ஒண்ணு பொறக்கலாம். அது ரெண்டையும்விட மோசமாக்கூட இருக்கலாம். நான் வர்ற வரைக்கும் ஒண்ணையும் வெளிய வுடாதீங்க. செத்ததைக்கூட."

அவர்கள் எப்போதும் வாங்குவது சிவப்பு மூடிக் குப்பி. நான்சி ஃபிரிட்ஜைத் திறந்து துழாவினாள். முட்டைகளுக்குப் பின்னால், பாதி காலியாக, நீல மூடி போட்ட ஒன்று.

ஆல்பின் சீக்கிரமே திரும்பி வந்தான்.

"இது இன்னாங்க?"

"மருந்துக்கடை சுப்புராயன் குடுத்தாரு. மொதல்ல போட்டது வேல செய்யலியோன்னு..." குரல் தேய்ந்தது.

"செத்ததெல்லாம் எங்க?"

"பொதச்சிட்டேன்."

அவன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் மண் இல்லை. காலில் சுண்ணாம்பு இல்லை.

"நான்சி, அங்க போவாத!"

போனாள். குழி எதுவும் இல்லை. சாக்கை இழுத்த தடம் உண்ணிச்செடிகளுக்குள் நுழைந்து, மலையிலிருந்து இறங்கும் வறண்ட ஓடைக்குப் போயிற்று. நாற்றம் முதலில் வந்தது. பிறகு ஈக்களின் இரைச்சல்.

ஓடை முழுக்கச் சாக்குகள். இன்று போட்டது ஒன்றுதான். மற்றவை ஊதியிருந்தன. சில கிழிந்திருந்தன. அடியில் கிடந்தவை புழுத்து நெளிந்தன.

எதிர்ப் பாறையில் ஒரு காட்டுச்சேவல்.

ஆள் அரவம் கேட்டாலே மறைந்துவிடுகிற பறவை. ஓடவில்லை. கழுத்தை நீட்டியது. கூவப் பார்த்தது. குரல் வரவில்லை. அலகிலிருந்து ரத்தம் நூலாகத் தொங்கியது.

"யேசுவே..."

அதற்கு மேலே, புதருக்குள், ஒரு இருமல். இன்னும் மேலே இன்னொன்று. அதற்கும் மேலே. வெள்ளிமலைப் பக்கம், இருட்டத் தொடங்கிய காட்டுக்குள், ஒன்றன்பின் ஒன்றாக, அந்த ஈர விசில்கள் மலையேறிக்கொண்டிருந்தன.