சுபேதார் அருளப்பனின் கையொப்பம்

1972ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமைக் காலை. காவல்துறைக் கைரேகைப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற கோதண்டத்தின் அம்பத்தூர் வீட்டுக்குள், விரித்த குடையை மடக்கவும் மறந்து நுழைந்தார் செங்கல்வராயன். ஆவடி இராணுவக் கிடங்கில் எழுத்தராக இருந்த அவர், போர்வீரர்கள் கையொப்பமிட்ட படங்களை முப்பது ஆண்டுகளாகச் சேர்த்து வருபவர்.

“ராணுவக் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்க நேத்து ஒரு கேப்டன் வந்தார், சார். சுபேதார் அருளப்பன் படத்தைப் பார்த்துட்டு, ‘இது நகல். கையெழுத்து மையால போட்டதில்ல, படத்தோடவே அச்சானது’ன்னுட்டார். மத்த படங்களையும் நம்ப முடியாதாம். இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி வரார். அதுக்குள்ள அசல் கிடைக்கலேன்னா, நான் பித்தலாட்டக்காரன்!”

“யார் மேல சந்தேகம்?”

“பக்கத்து வீட்டு பால்ராஜ்தான். அவனும் சேர்க்கிறவன், வீட்டிலேயே படம் கழுவுறவன். இந்தப் படத்தைக் கேட்டுப் பத்து வருஷமா நச்சரிக்கிறான்.”

“யாரு அந்த சுபேதாரு?” என்று குறுக்கிட்டான் கோதண்டத்தின் மைத்துனன் மனோகரன். தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவன், துப்பறிவதென்றால் விடுப்பெடுத்துவிடுவான்.

“முதல் உலகப் போர்ல, மெசபடோமியாவில பாலம் கட்டினவர். குண்டுச் சிதறல் கன்னத்தைக் கிழிச்சும் களத்தை விட்டு வரல. ஊர் திரும்பினதும் எடுத்த படம் அது.”

மூவரும் ஆவடிக்குச் சென்றனர். சுவர் நிறையப் படங்கள். மற்றச் சட்டங்களின் ஆணிகள் துருவேறியிருக்க, சுபேதார் படத்தின் ஆணிகள் மட்டும் மின்னின. கண்ணாடியிலும் ஒரு கீறல் இல்லை.

“இன்னா மாமே, சுபேதாரு பொண்ணு பாக்கப் போற மாப்ள கணக்கா கீறாரு!” என்றான் மனோகரன்.

கோதண்டம் சிரிக்கவில்லை. அப்போது காப்பி கொண்டுவந்த செங்கல்வராயன் மகளின் நெற்றியில் இரண்டு அம்மை வடுக்கள் தெரிந்தன. வரன் பார்ப்பதற்காக எடுத்த அவளது படம் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தது. அதில் நெற்றி வழுவழுப்பாக இருந்தது. படத்தின் அடியில், ‘பாஸ்கரன் ஸ்டுடியோ, பூந்தமல்லி’ என்ற முத்திரை.

கோதண்டம் ஒரு சீட்டெழுதி மனோகரனிடம் கொடுத்தார். மூன்று மணிக்குள் பாஸ்கரன் ஒரு பையுடன் வந்து சேர்ந்தார், பால்ராஜும் அழைக்கப்பட்டார்.

“செங்கல்வராயன், சுபேதாரோட தழும்பு எங்கே?” என்று கேட்டார் கோதண்டம்.

அவர் படத்தின்மீது குனிந்தார், நிமிர நேரமாயிற்று. “நான் எப்பவும் கையெழுத்தை மட்டும்தான் பார்ப்பேன், சார்.”

“பால்ராஜ் நகலெடுத்திருந்தா தழும்பைத் தொட்டிருக்கவே மாட்டார். சேர்க்கிறவருக்கு அந்தத் தழும்புதானே பெருமை?”

“கேட்டுக்க அண்ணாத்தே!” என்றார் பால்ராஜ். “காலைலேர்ந்து என்னைத் திருடனாக்கிட்டுக் கீறியே!”

“வடுவை அழிக்கிறது கல்யாணப் படம் எடுக்கிறவங்க பழக்கம். இந்த வீட்டுப் பெண்ணோட வடுவை அழிச்ச கைதான் சுபேதாரையும் அழகாக்கியிருக்கு. புதுக் கண்ணாடி, புது ஆணி. பழைய கண்ணாடியை உடைச்சது யார்?”

செங்கல்வராயனின் மனைவி முத்தம்மாள் முந்தானையை முறுக்கினார். “ஒட்டடை அடிக்கச் சொல்ல கை தவறிடிச்சி. இவுரு கத்துவாரேன்னு கண்ணாடி மாத்தத்தான் குடுத்தேன். வேற ஒண்ணும் சொல்லல.”

“தாத்தா படம்னு நெனச்சேன்க்கா,” என்றார் பாஸ்கரன். “மங்கிப்போன பெரியவங்க படம்னா புதுசாக்கிக் குடுன்னுதானே எல்லாரும் கேப்பாங்க? பொண்ணு படம் எடுத்த ஊடாச்சேன்னு சும்மா செஞ்சேன். கன்னத்துக் கோடு வேற பாக்க நல்லா இல்ல…”

“கோடா!” என்று அலறினார் செங்கல்வராயன்.

“அசலை எந்த ஸ்டுடியோக்காரரும் தூக்கியெறிய மாட்டார், அதனாலதான் எடுத்துவரச் சொன்னேன்,” என்றார் கோதண்டம். பாஸ்கரன் பையிலிருந்து ஒரு பழுப்புநிற உறையை எடுத்து நீட்டினார்.

நான்கு மணிக்கு வந்த கேப்டன் படத்தைச் சன்னலருகில் சாய்த்துப் பார்த்தார். நீல மை தனியே மினுங்கியது. கண்காட்சிப் பட்டியலில் அருளப்பனின் பெயரை முதலில் எழுதிவிட்டுச் செங்கல்வராயனின் கையைக் குலுக்கினார்.

அவர் சென்றதும், “அந்தக் கல்யாண மாப்ள படத்தையாவது எனக்குக் குடு, அண்ணாத்தே,” என்றார் பால்ராஜ்.

செங்கல்வராயன் மறுக்கவில்லை. மனோகரனிடம் பேனாவை வாங்கினார். படத்தைத் திருப்பி, பின்புறம் முழுவதும் நிறையும்படி ‘நகல்’ என்றெழுதிக் கீழே தம் கையொப்பத்தையும் இட்டுக் கொடுத்தார்.