திரைக்குப் பின்னால் சூரியன்

அவளுக்குக் கொசு என்று பேர் வைத்தது அவளுடைய அப்பாதான். ஆள் சின்னது. ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்துவிட்டால் யாரையும் தூங்க விடமாட்டாள்.

அன்று ஆண்டிலேயே மிகக் குறுகிய பகல், மிக நீண்ட இரவு. பள்ளி மண்டபத்தில் அதற்கொரு விழா. ஜப்பானில் அன்று நார்த்தை மாதிரி ஒரு பழத்தை வெந்நீரில் மிதக்கவிட்டுக் குளிப்பார்களாம். ஒரு குழு தொட்டியும் பழமும் வைத்திருந்தது. குளித்துக் காட்டத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஈரான் குழு மாதுளம்பழத்தோடும் கவிதைகளோடும் உட்கார்ந்திருந்தது. அங்கே இரவெல்லாம் அப்படித்தான் விழித்திருப்பார்களாம். கொரியாவின் சிவப்புப் பயறுக் கஞ்சியை ஒரு பானை நிறையக் கொண்டுவந்திருந்தாள், தூங்குமூஞ்சி என்று எல்லோரும் கூப்பிடும் கொசுவின் தோழி.

கொசுவுடையது ஓர் அட்டைப்பெட்டிக் குகை. அயர்லாந்தில் இதே மாதிரி மிகப் பழைய கல்லறை ஒன்று இருக்கிறது. குறுகிய பகல் வரும் சமயத்தில் காலை வெயில் அதன் வாசல் வழியாக நுழைந்து, நீண்ட பாதையைக் கடந்து, உள்ளறை வரை போகும். பள்ளியில் காலை வெயிலை எதிர்க் கட்டடம் மறைத்துவிடும். அதனால் கொசு மாலை வெயிலைப் பிடிக்க முடிவு செய்தாள். வாரக்கணக்கில் ஜன்னல் வெயில் விழும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தாள். உள்ளறையில் நகம் அளவு மண்பொம்மைகள். இன்று அவற்றின் முகத்தில் வெயில் படும். நாளை முதல் விடுமுறை, மண்டபத்துக்குப் பூட்டு.

ஆனால் அந்த ஜன்னலை ஒரு கனத்த நீலத் திரை மூடியிருந்தது. தலைமை ஆசிரியரின் ஏற்பாடு. மேடையில் பல்புகள் பதித்த ஒரு பிளாஸ்டிக் சூரியன் நின்றது. சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்துவார், அது எரியும்.

"இருட்டா இருந்தாத்தான் சூரியன் எடுப்பாத் தெரியும்" என்று தலைமை ஆசிரியர் எல்லோருக்கும் விளக்கியிருந்தார். ஆக, சூரியனுக்கு விழா எடுப்பதற்காகச் சூரியனை வெளியே நிறுத்தியாகிவிட்டது.

சிறப்பு விருந்தினர் மட்டும் வரவில்லை.

"வந்துட்டே இருக்காரு" என்றார் தலைமை ஆசிரியர். முன்பும் அதையேதான் சொன்னார்.

கொசு எழுந்தாள். "சார், திரையைத் திறக்கணும். வெயில் போயிடும்."

"அவர் வரட்டும்மா. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"சூரியனுக்கு அந்த முறை தெரியாதே சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அதிகப்பிரசங்கி! உன் பெட்டிக்குள்ள டார்ச் அடிச்சாப் போச்சு. யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் சார்."

"உட்காரு!"

உட்கார்ந்தாள். திரையின் ஓரத்தில் ஒரு கோடாகத் தெரிந்த வெளிச்சம் சிவந்துகொண்டே வந்தது.

"விடுடி" என்றாள் தூங்குமூஞ்சி. "என் கஞ்சியே ஆறி அவலாப் போயிடுச்சு."

கொசு மறுபடி எழுந்தாள். இந்த முறை நேராக ஜன்னலுக்கே நடந்தாள்.

"நான் திறக்கப் போறேன் சார். திட்டணும்னா அப்புறமாத் திட்டுங்க. திட்டு ராத்திரி வரைக்கும் கெடாது, வெயில் கெட்டுடும்."

திரையைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. தொங்கியே பார்த்தாள். அப்போதும் அசையவில்லை.

பெஞ்சை விட்டு எழுந்ததாகச் சரித்திரமே இல்லாத தூங்குமூஞ்சி எழுந்து வந்தாள். ஜப்பான் குழு தொட்டியை விட்டு ஓடிவந்தது. ஈரான் குழு மாதுளைக் கறைக் கையோடு வந்தது.

"நில்லுங்க! யாரைக் கேட்டு..."

கிறீச்! திரை விலகியது.

ஆரஞ்சு வெயில் மண்டபத்துக்குள் கொட்டியது. பெட்டி வாசலில் நுழைந்து, பாதையில் மெல்ல நகர்ந்து, மண்பொம்மைகளின் முகத்தைத் தொட்டது.

"சின்னப் பசங்க முதல்ல!" என்றாள் கொசு. ஒவ்வொருவராகக் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பேசாமல் எழுந்தார்கள். அந்தப் பள்ளியில் அது அதிசயம்தான்.

தலைமை ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், நீங்களும் பாருங்க. சீக்கிரம்!"

"நானா? கீழயா?"

மண்டப வாசலைப் பார்த்தார். தான் போட்டிருந்த கோட்டைப் பார்த்தார். மங்கும் வெயிலைப் பார்த்தார். மண்டியிட்டுக் குனிந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அப்போதுதான் சிறப்பு விருந்தினர் படை பட்டாளத்தோடு நுழைந்தார். "ஹெச்.எம். எங்கே?"

"இதோ இருக்காரு சார்" என்று தூங்குமூஞ்சி கீழே கைகாட்டினாள். அந்தக் கோணத்தில் தலைமை ஆசிரியரை அடையாளம் காண்பது கஷ்டம்தான்.

அவர் பதறி எழுவதற்குள் வெயில் போய்விட்டது. "யாராவது டார்ச் கொண்டாங்க! சாருக்குக் காட்டணும்!"

கொசு பெட்டி வாசலை உள்ளங்கையால் மூடினாள். "மாட்டேன் சார். டார்ச்சைச் சூரியன்னு சொல்ல மாட்டேன்."

தலைமை ஆசிரியர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். திறந்த வாயை வேறு வேலைக்குப் பயன்படுத்தினார்.

"பொண்ணு சரியாத்தான் சொல்லுது சார். அது டார்ச்சுல வராது."

"அப்போ நான் எப்பம்மா பார்க்கிறது?" என்றார் சிறப்பு விருந்தினர்.

"அடுத்த வருஷம் இதே நாள்ல சார்" என்றாள் கொசு. "சூரியன் நேரத்துக்கு வந்துடும். நீங்களும் வந்துடுங்க."