கீழ்த்தளத்துக்கு வந்த வெயில்

காலையில் மேசைமேல் விழுந்த வெளிச்ச வட்டத்தின் ஓரம் லேசாகக் கறுத்திருந்தது. தையலக்கா முதலில் அதைத் துணிக்கறை என்றுதான் நினைத்தாள். விரிப்பை நகர்த்திப் பார்த்தாள். கறை மேசையிலேயே நின்றது.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்தைத் தாண்டிய கடைசி அறையில், கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பது அவள் வேலை. ஜன்னல் கிடையாது. பல வருடம் குழல்விளக்கின் ரீங்காரத்தில்தான் தைத்தாள். கட்டடத்தைப் புதுப்பிக்க வந்த பொறியாளர் அவள் கண்ணைக் கசக்குவதைப் பார்த்துவிட்டு, மொட்டை மாடியிலிருந்து இந்த அறையின் கூரைவரை ஒரு குழாயை நேராக இறக்கினார். உள்ளே முழுக்க மினுங்கும் தகடு. மேலே கண்ணாடிக் குமிழ், கீழே கண்ணாடித் தட்டு. குமிழில் விழும் வெயில் தகட்டில் பட்டுப் பட்டுக் கீழே வந்து சேரும். சூரியனுக்கே லிஃப்ட் வைத்துக் கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

கணவர் இறந்து, மகள் கடல்தாண்டிக் குடியேறிய பிறகு, அவளிடம் நின்று பேச ஆளில்லை. சலவைக்காரர்கள் வண்டியை உள்ளே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வெயில் மட்டும் நாள் முழுக்க உடனிருந்தது, மேகம் மூடினால் மங்கி, விலகினால் மலர்ந்து, பக்கத்தில் யாரோ மூச்சுவிடுவது போல.

கறுப்பு மறுநாள் அகலமானது. குமிழில் பறவை ஏதாவது கூடு வைத்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள். ஆனால் பறவையின் நிழல் துடிக்கும், பறக்கும். இது நின்ற இடத்திலேயே நின்று, நாளுக்கு நாள் விளிம்பு கூர்மையாகிக்கொண்டே வந்தது. குழாய்க்குள் எதுவோ கீழிறங்கிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. சலவை இயந்திரங்கள் ஓயும் மதிய வேளையில், தகட்டை நகம் உரசுவது போல ஒரு சத்தம், வழுக்கிவிடாமல் பார்த்துப் பார்த்து இறங்குகிறவரின் சத்தம், மெல்லக் கேட்டது; கூடவே ஈரத்துணியை நாள்கணக்கில் மூடிவைத்த வாடை. பொறியாளருக்குப் போன் செய்தாள். வந்து பார்ப்பதாகச் சொன்னவர் வரவில்லை.

அன்று மகளின் பிறந்தநாள். அழைத்தாள். மகள் ஏதோ அவசரத்தில் இருந்தாள், அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். அறை முன்னைவிட அமைதியாகிவிட்டது. மேலே உரசல் நின்றிருந்தது. தட்டுக்கு மிக அருகில். காத்திருப்பது போல.

எதற்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

"வாயேன்," என்றாள். "இங்க மட்டும் யார் இருக்கா?"

மறுநாள் வெளிச்ச வட்டம் முழுசாக இருந்தது. கறையில்லை, சத்தமில்லை. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அதோடு சின்னதாக ஒரு ஏமாற்றமும் வந்தது. அதை நினைத்து அவள் வெட்கப்பட்டாள்.

உச்சி வெயிலில் அறை பளீரென்று இருந்தது. தைத்து முடித்த விரிப்பை உதறி, இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு அவள் மேசையோரம் நின்றபோது போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள். பொறியாளர், மாடியிலிருந்து.

"குழாய்ல ஒண்ணுமே இல்லக்கா. தூசிகூட இல்ல. உங்க மேசை வரைக்கும் சுத்தமா தெரியுது." காற்று அவர் குரலை அடித்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தது. "கூட இன்னொரு ஆள் போட்டுட்டாங்களா? நல்லதாப் போச்சு. எத்தனை நாள்தான் ஒத்தையா கெடந்து அல்லாடுவீங்க."

அவள் கண்ணை மட்டும் உயர்த்தினாள்.

"அண்ணாந்து என்னையேதான் பாக்கறாங்க. கையாட்டினேன், பதிலுக்கு ஆட்ட மாட்டேங்கறாங்க."

போன் நழுவி விழுந்தது.

எதிரே யாருமில்லை. நல்ல வெயில். சுவரின் ஒவ்வொரு விரிசலும் தெரிந்தது. துணியின் ஒவ்வொரு நூலும் தெரிந்தது. ஈர வாடை. மிக அருகில்.

ஓட நினைத்தாள். விரல் துணியை விடவில்லை.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடித்தவர் நடந்து வந்து, தன் கையை மற்றவர் கையோடு சேர்க்க வேண்டும்.

தரையில் கிடந்த மறுமுனை எழுந்தது. இரண்டு மூலையும் ஒரே உயரத்துக்கு. துணி விறைத்தது. ஒரு சுருக்கமில்லை.

பிறகு மெல்லத் தொய்ந்தது. நடுவில் மடிந்தது. வெயிலைத் தாண்டி, அந்த இரண்டு மூலைகளும் அவள் விரல்களை நோக்கி வந்தன.