அடியில யாரு பாக்கப் போறாங்க

அந்தப் பெயிண்ட் மேஸ்திரிக்குப் ‘பளபளப்பு’ என்று பட்டப்பெயர். அவர் பூசிய இரும்பில் முகம் பார்த்துத் தலை சீவலாம். “துருவுக்கே பவுடர் போட்டு விடுற மனுஷன்” என்று கூட வேலை செய்தவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

காலை எட்டு மணிக்கு, அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் பின்பக்க இரும்புப் படிக்கட்டு முன்னால் வந்து நின்றபோது அவர் கால் சற்றுத் தயங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவரோடு பெயிண்ட் அடிக்க வந்த தங்கை புருஷன் இதே படிக்கட்டிலிருந்து விழுந்துதான் செத்தான். “குடிச்சிட்டு ஏறினான், தவறிட்டான்” என்று ஊரெல்லாம் சொன்னவர் மேஸ்திரிதான். இன்று கம்பி பிரஷ்ஷும் கையுமாக அவரோடு வந்திருப்பவள் அந்தத் தங்கை.

“நீ இந்த வேலைக்கு வராம இருந்திருக்கலாம்மா.”

“அவரு கடைசியா நின்ன எடத்தைப் பாக்கணும்ணே. வீட்ல ஒருநாள்கூட அந்த வாடை அடிச்சதில்ல. என் பொண்ண பள்ளிக்கூடத்துல குடிகாரன் மகள்னு கூப்பிடுறாங்க.”

மேஸ்திரி தின்னர் டப்பாவைத் திறப்பதில் மும்முரமானார். வேறு ஆள் சுரண்டினால், அந்த வருஷம் அவர் படிகளின் துரு ஓட்டைகளில் பட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் பூசியது வெளியே வந்துவிடும். அந்தப் பயத்தில்தான் இந்த வேலையை அவரே கேட்டு வாங்கியிருந்தார்.

“நீ கைப்பிடிக் கம்பியைச் சுரண்டு. படியெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

அவள் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டாள், தூசியைத் தட்டினாள், தின்னர் துணியால் துடைத்தாள். மதியத்துக்குள் கம்பி வெள்ளை வெளேரென்று ஆயிற்று.

“இனிமே வெறுங்கை படக்கூடாது. வேர்வை பட்ட எடத்துல மறுபடி துரு பூத்துடும்” என்றார் மேஸ்திரி. “சாப்பிட்டு வந்து, துரு ஏறாம ரெட் ஆக்சைடு அடிச்சிடலாம்.”

அரை மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள்.

கம்பியில் ஒரு கைத்தடம் இருந்தது. சிவப்பாக, ஈரத் துருவாக.

“அண்ணே, கை வச்சியா?”

“நானா? பைத்தியமா உனக்கு?”

அவள் குனிந்து பார்த்தாள். நான்கு விரல், ஒரு கட்டைவிரல். மோதிர விரல் மட்டும் பாதி. வருஷக்கணக்காக அவள் பிடித்து நடந்த கை அது. அவள் புருஷனுக்கு மீதி அரை விரல் கிரைண்டரில் போனது.

மேஸ்திரி பிரஷ்ஷைப் பிடுங்கித் தேய்த்தார். தடம் போயிற்று. இரண்டு படி மேலே இன்னொன்று பூத்தது. அதையும் தேய்த்தார். அதற்கு மேலே ஒன்று. மூச்சிரைக்கத் தேய்த்தபடியே ஏறினார்.

பதினோராம் படி. அவன் விழுந்த பிறகு புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த படி.

அங்கே தடம் இல்லை.

பழைய இரும்பு வாடை மூக்கில் ஏறியது. உச்சி வெயிலில் காலடித் தகடு சில்லென்றிருந்தது.

படிக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

“அடியில யாரு பாக்கப் போறாங்க? பட்டி வச்சு அடைச்சிட்டு அடி மச்சான்.”

அது மேஸ்திரியின் குரல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் சொன்ன சொல், அட்சரம் பிசகாமல்.

கீழே தங்கை நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணே… நீ பேசலையே?”

அவர் வாய் மூடித்தான் இருந்தது.

அடுத்து வந்த குரல் அவருடையதல்ல.

“நான் பாக்குறேன் மச்சான்.”

தங்கை மெதுவாகக் கேட்டாள். “அன்னிக்குப் பதினோராம் படியைச் சுரண்டுனியா, இல்லையா?”

“ஓட்டை பெருசா இருந்தது… அன்னிக்கே முடிக்கணும்… பட்டி வச்சு பூசிட்டேன்.”

“அவர்கிட்ட சொன்னியா?”

“சுரண்டலாம்னுதான் அவன் சொன்னான். நான் வேண்டாம்னேன். அப்புறம் நானே சுரண்டிட்டேன்னு பொய் சொல்லி அவனை மேல ஏத்தினேன்.”

“குடிச்சிருந்தாரா?”

“இல்லம்மா.”

அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். “இதை என் பொண்ணு பள்ளிக்கூடத்துல வந்து சொல்லு” என்றவள், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மேஸ்திரி இறங்கக் காலை நீட்டினார். படி பொத்தென்று செத்த சத்தம் போட்டது. அடுத்ததும் அப்படியே. உளுத்த இரும்பு அப்படித்தான் ஒலிக்கும் என்பது அவருக்குத் தெரியாததா? ஏணி வைத்து நான்கு பேர் இறக்கிவிடும்வரை அவர் நகரவில்லை.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் சொன்னார். சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்தார்.

அன்று குளிக்கும்போது அவர் மனைவி கேட்டாள். “இடுப்புல என்னங்க செவப்பா? கை வச்ச மாதிரி?”

கல்லால் தேய்த்தாள். போயிற்று.

மறுநாள் அது முதுகில் இருந்தது. அடுத்த நாள் தோளில்.

இன்று காலை சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நிற்கிறார். மோதிர விரல் பாதிதான். மற்ற விரல்கள் தொண்டையைச் சுற்றி நன்றாகவே பதிந்திருக்கின்றன.