உடையவர் முடுக்குற நட்டு

கைப்பிடி ரப்பர் வேர்த்திருந்துச்சு.

அர்ஜுனன் மொதல்ல மழைத்தண்ணின்னுதான் நெனைச்சான். ஜெலுத்தோங்கில அன்னிக்குக் காலையில நல்ல மழை, கொட்டகைத் தகரத்துல எங்கேயாச்சும் ஓட்டை விழுந்திருக்கும்னு அண்ணாந்து பாத்தான், ஓட்டை இல்ல. ஒன்றரை வருசமா சாக்குல சுத்தி, கயிறு போட்டுக் கட்டி, கோழிக்கூண்டுக்கு அடியில பொதைச்சு வச்சிருந்த ஹேண்டில்பாரை இப்பத்தான் அவன் பிரிச்சிருக்கான், மத்த எடமெல்லாம் ஒரே துருவும் தூசியுமா கெடக்க, வலது கைப்பிடி மட்டும் பிசுபிசுன்னு, வெதுவெதுன்னு, யாரோ ரொம்ப தூரம் ஓட்டிட்டு வந்து இந்த நிமிசந்தான் கைய எடுத்த மாதிரி இருந்துச்சு. மோந்து பாத்தான். மனுச வேர்வை. கூடவே லேசா சுருட்டு வாசம்.

கைலியில நல்லாத் தொடச்சான். சாமானெல்லாம் எடுத்து வரிசையா வச்சுட்டுத் திரும்பிப் பாத்தா, மறுபடி வேர்த்து நிக்குது.

"பழைய ரப்பருலா, எண்ணெய் கக்குது"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டான். மெக்கானிக்கு இல்லியா, எதுக்கும் ஒரு காரணம் வச்சிருப்பான். அதைப் பத்தி யோசிச்சுக்கிட்டு நிக்க அவனுக்கு நேரமும் இல்ல. அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வண்டி ஓடணும். ஓடலன்னா தம்பி சுப்பையா போயிட்டான்.

ஜப்பான்காரன் தீவைப் புடிச்சு அது ரெண்டாவது வருசம். முந்தின நாள்தான் பாசார்ல காய் வாங்கப் போன சுப்பையாவை, நின்ன கூட்டத்தோட கூட்டமா லாரியில ஏத்திட்டாங்க. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிட்டங்கியில அடைச்சு வச்சு, சனிக்கிழமை படகுல அக்கரைக்குக் கொண்டுபோயி, அங்கேருந்து ரயில்ல சயாமுக்கு. அங்க தண்டவாளம் போடப் போனவன் ஒருத்தன்கூட வீடு திரும்பி அர்ஜுனன் பாத்ததில்ல. சுப்பையாவுக்குப் பத்தொம்பது வயசு, சின்னதுலேருந்தே நெஞ்சுல சளி. ஆத்தாளும் அப்பனும் போனப்புறம் இவன்தான் சோறூட்டி வளத்தான். சயாம் காட்டுல ஒரு மழைக்குத் தாங்குவானா?

அர்ஜுனன் கிட்டங்கி வாசல்ல போயி அழுதான். அங்க ஜப்பான்காரனுக்கு மொழி பேசிக் குடுக்குற ராமசாமி வெளிய வந்தான்.

"அழுதா ஆவாது அண்ணே. ஆபீசருக்கு சைடுகார் வச்ச மோட்டார் சைக்கிள் வேணுமாம்லா. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாந்தா தம்பிய உன் கையில குடுத்துர்றேன்."

"பெட்ரோலுக்கு எங்க போறது?"

"ரப்பரைக் காய்ச்சி எடுக்குற எண்ணெய்ல ஓடுற மாதிரி மாத்து. நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா? ஓடலன்னா உனக்கும் அதே ரயில்லதான் எடம்."

அர்ஜுனனுக்கு ஒரு வண்டி இருக்குற எடம் தெரியும். ஆனா அந்த வண்டி அவனோடது இல்ல. அதுதான் விசயம்.

வண்டி முன்வீட்டு விநாசித்தம்பியோடது. சிலோன்காரர், வாயில எப்பவும் சுருட்டு, ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி வேலை, அவரோட கார் கொட்டகைக்குப் பின்னால இருந்த ரெண்டு ரூம்லதான் அர்ஜுனனும் தம்பியும் குடியிருந்தாங்க. எல்லா வண்டியையும் கொண்டாந்து ஒப்படைக்கணும்னு ஜப்பான்காரன் சொன்னப்போ, விநாசித்தம்பியும் அர்ஜுனனும் ஒரே மத்தியானத்துல மோட்டார் சைக்கிளை அக்கக்கா கழட்டி, கோழிக்கூண்டு, அரிசிப்பானை, கிணத்தடின்னு ஒளிச்சு வச்சாங்க. அடுத்த மாசமே, வீட்டுல ரகசியமா வெள்ளைக்காரன் ரேடியோ கேக்குறாருன்னு யாரோ சொல்லிக் குடுத்து, மனுசனை இழுத்துட்டுப் போயிட்டாங்க. ஜெயில்லயே செத்துட்டாருன்னு ராமசாமி காதோட காதா சொல்லியிருந்தான். அதை அவர் சம்சாரம் புஷ்பராணிகிட்டச் சொல்ல அர்ஜுனனுக்கு வாய் வரல. அந்த அம்மா இன்னும் நெத்தியில குங்குமத்தோட, தெனமும் மத்தியானம் அவருக்கும் சேத்து ஒரு தட்டு வச்சு ஒக்காந்திருக்கும்.

வண்டியை எடுத்துக்கவான்னு கேட்டா, அவர் வந்து கேப்பாரேன்னு சொல்லும். அதனால அர்ஜுனன் கேக்கல. கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்பக்கம் கட்டையைக் குடுத்துட்டு வேலையை ஆரம்பிச்சான்.

புதன்கிழமை மத்தியானம், வெயில்ல தகரம் படக்கு படக்குன்னு விட்டுக்கிட்டிருக்கு, மண்ணெண்ணெய் வாடை கண்ணைக் கரிக்குது, இன்ஜின் நாப்பது துண்டாத் தட்டுல ஊறிக்கிட்டுக் கெடக்கு, இவன் பிஸ்டன்ல ஒட்டுன கரியைச் சொரண்டிக்கிட்டு இருக்கான். யாரோ கதவைத் தட்டுனாங்க. கட்டையை எடுத்துக் கொஞ்சமாத் தொறந்தான்.

புஷ்பராணி. மூச்சு வாங்க, கையில சோத்துக் கரண்டியோட அப்படியே ஓடியாந்திருக்கு.

"தம்பி, இவர் வந்தவரோ?"

"யாருக்கா?"

"இவர்தான். வண்டிச் சத்தம் கேட்டது. எங்கட வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதே? சந்தியால திரும்பி, வாசல் படலையடிக்கு வந்து நிண்டது."

"அதெல்லாம் இல்லக்கா. நான்தான் தகரம் தட்டிக்கிட்டு இருக்கேன்."

அந்த அம்மா அவன் தோளுக்கு மேல எட்டிப் பாத்துச்சு. மூக்கை ஒரு தரம் உறிஞ்சுச்சு. "சுருட்டு மணக்குது"ன்னுச்சு. சிரிச்சிக்கிட்டே போயிருச்சு.

கதவைச் சாத்திட்டுத் திரும்பினான். தட்டுல இருந்த மண்ணெண்ணெய் குலுங்கிக்கிட்டு இருந்துச்சு. சின்னச் சின்ன அலையா. இன்ஜின் ஓடுறப்போ பக்கத்துல வச்ச தண்ணி அதிருமே, அந்த மாதிரி.

அதுக்கப்புறம் அவனால ஒரு எடத்துல ஒக்கார முடியல. ஸ்பானரை எடுப்பான், வைப்பான். கதவுகிட்டப் போவான், வருவான். வியாழக்கிழமை பூராவும் அப்படியே. தண்ணிப் பைப்பை வளைச்சுச் சட்டம் பண்ணி, பக்கத்துச் சீனர் பட்டறையில பத்த வச்சு, சின்ன வீல் ஒண்ணு மாட்டி, அது மேல உக்கார பிரம்பு நாற்காலி ஒண்ணை கால் அறுத்து வச்சு சைடுகார் பண்ணினான். ரப்பர் எண்ணெய் கூழாட்டம் கெட்டி, கார்புரேட்டர்ல ஏறாது. அதனால எண்ணெய்க் குழாயைப் புகைக்குழாய் மேல நாலு சுத்து சுத்திவிட்டான், சூட்டுல எளகி எறங்கட்டும்னு. கெட்டிக்காரந்தான். ஆனா வேலை செய்யிறப்பல்லாம் ஒண்ணு கவனிச்சான். எந்தச் சாமானுக்குக் கை நீட்டுறானோ, அது ஏற்கெனவே பக்கத்துல இருந்துச்சு. மூலையில வச்ச நட்டு முட்டிகிட்ட இருக்கும். தேடுற வாஷர் உள்ளங்கைக்கு நேரா இருக்கும். யாரோ எடுத்து எடுத்துக் குடுக்குறாங்க. வண்டி சீக்கிரம் சேரணும்னு அவனைவிட அவசரப்படுறவங்க யாரோ.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடிஞ்சுச்சு. ஒரே ஒரு நட்டு பாக்கி.

அது பட்டறை வழக்கம். எந்த வண்டியையும் பூராக் கழட்டி மாட்டினா, முன்வீல் அச்சு நட்டை மெக்கானிக்கு முடுக்க மாட்டான். விரலால திருகி விட்டுட்டு, எந்திரிச்சு நின்னு, வண்டிக்காரரைக் கூப்பிடுவான். அவர் வந்து தன் கையால முடுக்கினாத்தான் வண்டி அவருக்குச் சேரும். பன்னெண்டு வருசமா அர்ஜுனனுக்கு அது பழக்கம். கைக்கும் பழக்கம், வாய்க்கும் பழக்கம். பசி மயக்கம் வேற. நட்டை விரலால திருகி விட்டான், இடுப்பைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சான், வழக்கம்போல சத்தமாச் சொல்லிட்டான்.

"உடையவரே, வாங்க! வந்து முடுக்கிக்கிங்க!"

சொன்னப்புறந்தான் வெறிச்சுன்னு இருந்த கொட்டகை கண்ணுல பட்டுச்சு.

சீ, என்ன பேச்சுன்னு வாயில அடிச்சிக்கிட்டு, கதவை வெளிய பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு, பின்னால போயி அவிச்ச மரவள்ளிக்கெழங்கு ரெண்டு துண்டு தின்னுட்டு வந்தான். பத்து நிமிசம்கூட இருக்காது. பூட்டு பூட்டுனபடி இருந்துச்சு. தொறந்தான்.

ஸ்பானர் தரையில கெடந்துச்சு. கைப்பிடி ஈரமா.

குனிஞ்சு நட்டைத் தொட்டான். அசையல. ஸ்பானர் போட்டான். அசையல. பைப்பை மாட்டி, ரெண்டு காலையும் ஊனி, பல்லைக் கடிச்சு இழுத்தான். அசையல.

வண்டியை விட்டுட்டு ஓடிரலாம். ஓடினா சுப்பையா?

வண்டியை வெளிய தள்ளினான். ஒரே மிதி. ரப்பர் கருகுற நாத்தத்தோட வண்டி படபடன்னு புடிச்சிக்கிச்சு.

துறைமுகம் போற வரைக்கும் இடது பக்கம் திரும்பியே பாக்கல அவன். காலி நாற்காலிதான், தெரியும். இருந்தாலும் பாக்கல. கிட்டங்கி வாசல்ல எறங்கிக் குனிஞ்சு கும்பிட்டான். காவல்காரன் அவனைப் பாத்தான், நாற்காலியைப் பாத்தான், ரெண்டு விரலைக் காட்டி நோட்டுல என்னமோ எழுதினான்.

"ரெண்டு பேரு வந்ததா எழுதுறான் பாரு"ன்னு ராமசாமி சிரிச்சான். "வெயில்ல நின்னு நின்னு கண்ணு அவிஞ்சு போச்சுலா இவனுக்கு."

ஆபீசர் வண்டியை ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு, தலையாட்டினாரு. வண்டி அர்ஜுனன் வீட்டுலயே நிக்கட்டும், நாளைக்குக் காலையிலேருந்து அவனே ஓட்டியாரட்டும்னு உத்தரவு. உள்ளேருந்து சுப்பையாவைத் தள்ளிவிட்டாங்க. நாலே நாள்ல கன்னம் ஒட்டி, தலையெல்லாம் மொட்டை.

"அண்ணே!"

அவ்வளவுதான். ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு அழுதாங்க. அர்ஜுனனுக்கு மத்ததெல்லாம் மறந்தே போச்சு. நட்டாவது, சுருட்டாவது.

"என்னண்ணே, ஆபீசர் நாற்காலியில என்னைய ஒக்கார வைக்கிற? நாளைக்கு மூட்டைப்பூச்சி கடிச்சு உன்னையத்தான் அடிப்பான்"னு சிரிச்சிக்கிட்டே சுப்பையா ஏறி ஒக்காந்தான். இருமினான். வீட்டுல கஞ்சி இருக்கான்னு கேட்டான். பேசிக்கிட்டே வந்தான். அர்ஜுனன் சிரிச்சிக்கிட்டே ஓட்டினான்.

ஜெலுத்தோங் ரோட்டுக்குத் திரும்புற எடத்துல பேச்சு நின்னு போச்சு. இருமலும் நின்னு போச்சு.

"தூங்கிட்டியாடா?"

கொஞ்ச தூரம் போனப்புறம் நாற்காலியிலேருந்து ஒரு குரல். பெரிய மனுசக் குரல். நிதானமா.

"வண்டியை மெல்ல ஓடும் தம்பி. புஷ்பம் பாத்துக்கொண்டு இருப்பா."

அர்ஜுனன் வண்டியை மெதுவாக்கினான். அவனைத் தம்பின்னு கூப்பிட சுப்பையா யாரு?

"டேய், வெளையாடாத."

வெளையாட்டு இல்ல. சுருட்டு வாசம்.

கேட்டுகிட்ட வண்டி நின்னுச்சு. வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்துச்சு புஷ்பராணி. சுப்பையா எறங்கினான். சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டு, கைய முதுகுக்குப் பின்னால கோத்துக்கிட்டு, இடது காலைக் கொஞ்சம் அகட்டி நடந்தான். விநாசித்தம்பி நடை.

"சுப்பையா!"

திரும்பல.

"சோறு ஆறிப்போகுது"ன்னுச்சு புஷ்பராணி. அவன் கையைப் புடிச்சிக்கிச்சு. மொட்டைத் தலையைத் தடவிக் குடுத்துச்சு. முன்வீட்டுக் கதவு சாத்திக்கிச்சு. உள்ள தாழ்ப்பாள் விழுந்துச்சு.

அர்ஜுனன் வண்டியை அணைச்சான். எறங்காம சாத்துன கதவையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தான். வெயில் எறங்கிக்கிட்டு இருந்துச்சு. ஒரு சத்தம் இல்ல.

அப்புறம் இருமல்.

பக்கத்துலேருந்து. ரொம்பப் பக்கத்துலேருந்து.

"அண்ணே."

திரும்பினான். நாற்காலியில ஆளு இல்ல. பிரம்பு மட்டும் கிரீச்சுன்னு தாழ்ந்துச்சு. ஏறிச்சு. தாழ்ந்துச்சு.

"அண்ணே, என்னால எறங்க முடியலண்ணே."